கலத்துக்குள் ஒளிரும் புரதம்: முதலில் திருத்த வேண்டியது அடையாளமிடலை

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

மீநுண் தெளிவுள்ள நுணுக்குக்காட்டிகளைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதும்போது லேசர்களும் கமராக்களும் அவற்றின் விலையுமே முன்னுக்கு வருகின்றன. 2014 இல் எரிக் பெட்சிக், ஸ்டெபான் ஹெல், வில்லியம் மோர்னர் ஆகிய மூவருக்கும் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்ததிலிருந்து இப்படித்தான். அந்தப் பெருமை அவர்களுக்கு உரியது. ஆனால் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பீடத்திலோ உயிரியல் படித்துவிட்டு மேற்படிப்புக்கு வெளியே போகும் பிள்ளை, அத்தகைய கருவியின் முன் முதன்முதலாக அமரும்போது அவரைத் திணறடிப்பது லேசர் அல்ல. கலத்தின் சட்டகமாக நின்று நேர்கோடாகத் தெரிய வேண்டிய நுண்புன்குழாய் அறுந்த மணிமாலை போலத் தெரிகிறது. சவ்வில் பரவியிருக்க வேண்டிய புரதம் திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. அரை மணி நேரம் படமெடுத்த பிறகு திரையில் மங்கலான பூச்சு மட்டும் மிஞ்சுகிறது. இவற்றில் பெரும்பாலானவை புரதத்தில் அடையாளம் பொருத்திய விதத்தில் விட்ட பிழைகள். அந்த வேலையை, ஆய்வுகூடப் பேச்சில் லேபலிங் என்பதை, இங்கேயே, சாதாரண ஒளிர்வு நுணுக்குக்காட்டி ஒன்றை வைத்துக்கொண்டே கற்பிக்கலாம். அதை வலியுறுத்தவே இதை எழுதுகிறோம்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஒளி அலை என்பதால் எந்த வில்லையும் ஒரு புள்ளியைப் புள்ளியாகக் காட்டாது. சிறு வட்டமாகப் பரப்பியே காட்டும். ஏர்ன்ஸ்ட் அபே 1873 இல் காட்டிய எல்லை இதுதான்: அலைநீளத்தை, வில்லை எவ்வளவு அகலமாக ஒளியைச் சேர்க்கும் என்பதைக் குறிக்கும் என்ஏ எண்ணின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும் தூரத்துக்குள் இரண்டு பொருள்கள் இருந்தால் அவை ஒன்றாகவே தெரியும். 510 நனோமீற்றர் பச்சை ஒளிக்கும் 1.4 என்ஏ கொண்ட எண்ணெய் வில்லைக்கும் அது ஏறத்தாழ 180 நனோமீற்றர். நுண்புன்குழாயின் விட்டமோ வெறும் 25 நனோமீற்றர். ஒளிர்புரதங்களைப் பயன்படுத்தும் பால்ம், சாயங்களைப் பயன்படுத்தும் ஸ்டோர்ம் என்னும் முறைகள் 2006 இல் இந்த எல்லையைத் தாண்டிய வழி எளிமையானது. எல்லா மூலக்கூறுகளையும் ஒரே நேரத்தில் ஒளிரவிடாமல், ஒவ்வொரு படத்திலும் ஒருசிலவற்றை மட்டும் ஒளிரவிட்டு, ஒவ்வொரு வட்டத்தினதும் மையத்தைக் கணக்கிட்டு, பத்தாயிரம் இருபதாயிரம் படங்களிலிருந்து மையங்களைச் சேர்த்து ஒரே படமாக்குவது. ஆகவே இறுதிப் படத்தில் நாம் காண்பது புரதத்தை அல்ல. புரதத்தோடு ஒட்டிய அடையாளத்தின் மையத்தை. அடையாளம் தவறான இடத்தில் இருந்தால் கருவி அந்தத் தவறான இடத்தைத்தான் மிகத் துல்லியமாகக் காட்டும்.

இப்போது அடையாளப் புரதத்துக்கு வருவோம். ஒசாமு சிமோமுரா 1962 இல் ஜெலிமீனிலிருந்து பிரித்தெடுத்த ஜிஎப்பி என்னும் பச்சை ஒளிர்புரதம் 238 அமினோ அமிலங்களால் ஆனது, 27 கிலோடால்டன் எடை. பதினொரு இழைகள் சுற்றிவர நின்று பீப்பாய்போல மூடியிருக்க, நடுவில் 65, 66, 67 ஆம் அமினோ அமிலங்கள் சேர்ந்து ஒளிரும் கருவை ஆக்குகின்றன. பீப்பாயின் நீளம் ஏறத்தாழ 4 நனோமீற்றர், அகலம் 2.4. பழைய நுணுக்குக்காட்டியில் இந்த அளவு ஒரு பொருட்டே அல்ல. 20 நனோமீற்றர் தெளிவைத் தேடும்போது அதுவும் கணக்கில் வருகிறது.

எந்த ஒளிர்புரதத்தை எடுப்பது என்பதில் மாணவர் முதலில் பார்ப்பது நிறத்தையும் பிரகாசத்தையும். அது தனியாக நிற்குமா, இன்னொன்றோடு சோடி சேருமா என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. ஜிஎப்பியின் பிரகாசம் கூட்டிய வடிவமான சாதாரண ஈஜிஎப்பி தளர்வாகச் சோடி சேரும் இயல்புடையது. கரைசலில் அது தெரியாது. சவ்வில் நெருக்கமாக இருக்கும் புரதத்தோடு அதைப் பிணைத்தால் பக்கத்துப் பக்கத்துப் பீப்பாய்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அகமுதலுருச் சிறுவலையில் இது மிக மோசமாகத் தெரியும்: வலை சுருண்டு, வெட்டிய வெங்காயம்போல அடுக்கடுக்காக மாறிவிடும். படம் அழகாக இருக்கும், ஆனால் அது கலத்தில் இல்லாத அமைப்பு. 206 ஆம் இடத்திலுள்ள அலனீனை லைசீனாக மாற்றிய வடிவத்தை எடுத்தால் இந்தத் தொல்லை ஏறக்குறைய முழுதாக நீங்கும். ஒரேயொரு அமினோ அமில மாற்றம்தான். புரதத்தின் ஜீனைக் கலத்துக்குள் கொண்டுசெல்லும் டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிட்டைக் கேட்டு எழுதும்போதே இந்த மாற்றம் உள்ளதா என்று விசாரிப்பது பிறகு பல மாத உழைப்பைக் காக்கும்.

பால்ம் முறைக்கு நிறம் மாறும் புரதங்கள் வேண்டும். ஈயோஸ் குடும்பம் முருகைக்கல்லிலிருந்து வந்தது. அது பச்சையாக ஒளிரும். 405 நனோமீற்றர் ஊதா ஒளி பட்டால் ஒளிர்கருவை அடுத்த பிணைப்பு அறுந்து சிவப்புக்கு மாறும். ஊதாவைச் சிறிதாகக் கொடுத்து ஒருசில மூலக்கூறுகளை மட்டும் சிவப்பாக்கி, 561 நனோமீற்றர் லேசரால் படித்து, வெளிறச்செய்து, அடுத்த சிலவற்றை எழுப்புவது முறை. எம்-ஈயோஸ் 2 என்னும் பழைய வடிவம் செறிவு கூடும்போது ஒன்றோடொன்று ஒட்டும். அது உண்டாக்கும் போலித் திரள்களைப் புரதத்தின் இயல்பென்று எண்ணிவிட இடமுண்டு. 2012 இல் வந்த எம்-ஈயோஸ் 3.2 தனித்து நிற்பது, அதையே எடுங்கள். இன்னொன்று. ஈயோஸ் போட்ட கலங்களில் கருவை நீலமாகக் காட்ட டாபி சாயம் இடக்கூடாது. டாபியைப் பார்க்கத் திறக்கும் ஊதா ஒளியே ஈயோஸ் முழுவதையும் ஒரே நேரத்தில் சிவப்பாக்கிவிடும். படமெடுக்கத் தொடங்கும்போது எழுப்புவதற்கு எதுவும் மிஞ்சாது. கலத்தைத் தேடுவதற்கு மிக மங்கலான 488 நனோமீற்றர் ஒளி போதும். தட்டுகளை அலுமினியத் தாளால் சுற்றி வையுங்கள்.

இடமும் முக்கியம். ஈஜிஎப்பியின் ஒளிர்வு அமிலத்தில் அணையும். பீஎச் 6 அளவில் பாதியாகிவிடும். இலைசோசோமின் உட்புறம் பீஎச் 5க்கும் கீழே போகக்கூடியது. அங்கே போகும் புரதத்தில் பச்சையைப் பொருத்திவிட்டு "புரதம் காணாமற்போகிறது" என்று எழுதுவது தவறு. எம்-செரி போன்ற அமிலம் தாங்கும் சிவப்பு அங்கே பொருந்தும்.

இனிப் பிணைக்கும் முனை. புரதத்தின் தொடக்க முனையிலா, இறுதி முனையிலா பீப்பாயை வைப்பது என்பதை வசதி பார்த்துத் தீர்மானிக்க முடியாது. இழைமணிக்குள் போகும் பல புரதங்களின் முகவரி தொடக்க முனையில் எழுதப்பட்டிருக்கிறது. அங்கே பீப்பாயை வைத்தால் முகவரி மறைந்து புரதம் குழியவுருவிலேயே நின்றுவிடும். மாறாக, லமின் ஏ, ராஸ் போன்ற புரதங்களில் இறுதி முனையிலுள்ள நான்கு அமினோ அமிலங்கள்தான் கொழுப்புச் சங்கிலி ஏறும் இடம். அவற்றுக்குத் தொடக்க முனையிலேயே பிணைக்க வேண்டும். எதுவும் தெரியாத புரதமானால் இரண்டையும் செய்து பார்த்து, இயற்கைப் புரதத்துக்கான பிறபொருளெதிரி காட்டும் இடத்தோடு ஒப்பிடுங்கள். பீப்பாய்க்கும் புரதத்துக்கும் இடையே கிளைசீன் நான்கும் செரீன் ஒன்றும் கொண்ட ஐந்தை இரண்டு அல்லது மூன்று முறை அடுக்கிய வளையும் சங்கிலி போதும். அது இல்லாமல் நேரே ஒட்டினால் இரண்டு புரதங்களும் ஒன்றையொன்று மடியவிடாமல் தடுக்கலாம். அளவுக்கு மேல் நீட்டினால் பீப்பாய் புரதத்திலிருந்து விலகி அலையும், தெளிவுதான் குறையும்.

பிளாஸ்மிட்டைக் கலத்துக்குள் செலுத்தும்போது கூடுதலாகப் போட்டால் கூடுதலாக ஒளிரும் என்ற எண்ணமே பெரும்பாலான போலித் திட்டுகளுக்குக் காரணம். 35 மில்லிமீற்றர் தட்டொன்றுக்கு ஒரு மைக்ரோகிராம் தாராளம், பாதியும் போதும். 24 மணி நேரத்துக்கும் 48 மணி நேரத்துக்கும் இடையில் பாருங்கள். கண்ணைப் பறிக்கும் கலங்களை விட்டுவிட்டு, மங்கலாக, ஆனால் ஐயமின்றி ஒளிரும் கலங்களைத் தெரிவுசெய்யுங்கள். ஜீனை வெட்டித் திருத்தும் கிறிஸ்பர் முறையால் கலத்தின் சொந்த ஜீனிலேயே அடையாளத்தைச் செருக முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. அளவு இயற்கையானதாகவே இருக்கும். இரண்டில் எந்த வழியானாலும், பிணைத்த புரதம் முழுதாக இருக்கிறதா என்று, புரதங்களை எடைப்படி பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளொட்டில் பார்க்காமல் நுணுக்குக்காட்டிக்குப் போக வேண்டாம். பட்டை, புரதத்தின் எடையோடு 27 கிலோடால்டன் கூடிய இடத்தில் வர வேண்டும். தனியே 27 இல் தடித்த பட்டை வந்தால் பீப்பாய் அறுந்து கலமெங்கும் அலைகிறது என்று பொருள். நீங்கள் காணும் மங்கல் பின்னணி அதுதான்.

மாணவர்கள் அதிகம் தவறவிடும் கணக்கு அடர்த்தி. 20 நனோமீற்றர் தெளிவு வேண்டுமானால் குறைந்தது 10 நனோமீற்றருக்கு ஒரு அடையாளம் வேண்டும். நுண்புன்குழாயையே எடுத்துப் பார்ப்போம். 8 நனோமீற்றருக்கு ஒரு சோடி தியூபுலின், அதாவது அதைக் கட்டும் புரதம், சுற்றிவரப் பதின்மூன்று இழை. ஒரு மைக்ரோமீற்றர் நீளத்தில் 125 ஐப் பதின்மூன்றால் பெருக்கினால் 1,625 சோடிகள். பத்தில் ஒன்று அடையாளமிடப்பட்டால் 160 அளவில் வரும். சராசரியாக 6 நனோமீற்றருக்கு ஒன்று, கோடு கோடாகவே தெரியும். நூறில் ஒன்று மட்டும் என்றால் 60 நனோமீற்றருக்கு ஒன்று. அறுந்த மணிமாலை அதுதான். லேசரின் வலுவைக் கூட்டினாலும் அது கோடாகாது. இதிலும் ஒரு கழிவு உண்டு: நிறம் மாறும் புரதங்களில் ஏறத்தாழப் பாதியே உண்மையில் மாறிக் கண்ணில் படும். கலத்தின் சொந்தத் தியூபுலின், அடையாளமில்லாமல், கூடவே கலந்து நிற்கிறது என்பதையும் மறக்கக்கூடாது.

மறுபக்கத் தவறு, ஒன்றைப் பலவாக எண்ணுவது. ஈயோஸ் ஒருமுறை அணைந்து, சிறிது நேரத்தில் மீண்டும் ஒளிரக்கூடியது. ஒரே மூலக்கூறு ஐந்து தடவை பதிவானால் படத்தில் ஐந்து புள்ளி கொண்ட சிறு திரளாக நிற்கும். அடுத்தடுத்த படங்களில் அதே இடத்தில் வரும் பதிவுகளை ஒன்றாகச் சேர்க்கும் வசதி இலவச மென்பொருளான தண்டர்ஸ்டோர்மில் உண்டு. பீஜி என்னும் இலவசப் பட ஆய்வு மென்பொருளில் அதை நிறுவிக்கொள்ளலாம். சேர்ப்பதற்கு முன்னரும் பின்னரும் எண்ணிக்கை எவ்வளவு மாறுகிறது என்று பார்க்காமல் "புரதம் திரள்கிறது" என்று ஆய்வேட்டில் எழுத விடக்கூடாது.

ஒளிர்புரதத்தின் உண்மையான வறுமை ஒளியில்தான். ஒரு மையத்தைக் கண்டறியும் துல்லியம், வட்டத்தின் பரவலை, கிடைத்த போட்டோன்களின், அதாவது ஒளித்துகள்களின், எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது. பரவல் 130 நனோமீற்றர் என்று வையுங்கள். 100 போட்டோன் கிடைத்தால் 13 நனோமீற்றர். 400 கிடைத்தால் ஆறரை. பின்னணி ஒளி இதை இன்னும் கெடுக்கும். ஒளிர்புரதம் அணையுமுன் தருவது சில நூறு. அலெக்சா 647 போன்ற சாயம் பல ஆயிரம் தரும். அதனால் சாயத்தைப் பிறபொருளெதிரியால் ஒட்டலாமே என்று தோன்றும். முதல் பிறபொருளெதிரியும் இரண்டாம் பிறபொருளெதிரியும் சேர்ந்தால் சாயம் புரதத்திலிருந்து விலகி நின்று, 25 நனோமீற்றர் நுண்புன்குழாயை 60 அளவுக்குத் தடிக்கவைத்துவிடும்.

இந்த இடத்தில்தான் எங்களைப் போன்ற சிறிய ஆய்வுகூடங்களுக்குப் பயன்படும் வழி ஒன்று இருக்கிறது. ஒட்டக இனத்தின் பிறபொருளெதிரியிலிருந்து வெட்டியெடுத்த, 15 கிலோடால்டன் அளவேயான நனோபாடி, ஜிஎப்பியைப் பற்றிப் பிடிக்கும். அதில் அலெக்சா 647 ஐ ஏற்றிக் கலத்தில் ஊற்றினால், ஏற்கெனவே கையிலுள்ள எந்த ஜிஎப்பி பிளாஸ்மிட்டும் ஸ்டோர்ம் முறைக்குத் தகுதியாகிவிடும். புதிதாக எதையும் பிணைக்கத் தேவையில்லை. சாயம் ஒருசில நனோமீற்றருக்குள் நிற்கும். நிலைப்படுத்திய, அதாவது இரசாயனத்தால் இருந்தபடியே கட்டிவைத்த, கலத்தில், 0.1 முதல் 0.2 வீத ட்ரைட்டனும் 3 வீத அல்புமினும் இட்ட பின்னர், ஒரு மணி நேரம் போதும். மூன்று முறை கழுவி, ஒட்டியது கழன்றுவிடாமல் மறுபடி பத்து நிமிடம் நிலைப்படுத்துங்கள். இதைக் கற்ற மாணவர் தன் பழைய பிளாஸ்மிட்டுகளோடு எந்த ஊர் ஆய்வுகூடத்துக்கும் போகலாம். ஹேலோடாக், ஸ்னாப்டாக் போன்ற, சாயத்தைத் தாமே பிணைத்துக்கொள்ளும் அடையாளங்களும் நல்லவை. உயிருள்ள கலத்துக்கு அவையே மேல். ஆனால் ஹேலோடாக் 33 கிலோடால்டன். ஜிஎப்பியைவிடப் பெரிது என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள்.

ஸ்டோர்ம் சாயம் கண்சிமிட்ட ஒட்சிசன் அகற்றிய தாங்கற்கரைசல் வேண்டும்: பீஎச் 8 டிரிஸ், 10 வீதக் குளுக்கோசு, மில்லிலீற்றருக்கு 0.5 மில்லிகிராம் குளுக்கோசு ஒட்சிடேசு, 40 மைக்ரோகிராம் கற்றலேசு, 10 முதல் 100 மில்லிமோலர் சிஸ்டியமின். இது வேலை செய்யும்போதே குளுக்கோனிக் அமிலத்தை உண்டாக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் பீஎச் சரிந்து சிமிட்டல் கெடும். காலையில் கலக்கியதை மாலையில் பாவிக்காதீர்கள். ஈயோஸுக்கு இந்தக் கரைசல் தேவையே இல்லை. பிபிஎஸ் என்னும் பொசுபேற்று உப்புக்கரைசல் மட்டும் போதும்.

நிலைப்படுத்தலில் நாம் நிற்க வேண்டும், ஏனென்றால் ஒரு நல்ல கலம் பதினைந்து நிமிடத்தில் பாழாவது இங்கேதான். மைனஸ் 20 பாகை மெதனோல் நுண்புன்குழாய்க்கு நல்லதென்று பழைய கைநூல்கள் சொல்லும். அது புரதங்களைக் குலைத்து நிலைப்படுத்துவது. பீப்பாயும் குலையும், ஒளிர்வு போய்விடும். இரண்டாவது தவறு, ஆய்வுகூட மூலையில் நிற்கும் போமலின் போத்தல். அதில் 37 வீதப் போமல்டிஹைட்டோடு, போமல்டிஹைட் ஒன்றோடொன்று கோத்துப் படியாமலிருக்க 10 முதல் 15 வீத மெதனோலும் சேர்க்கப்பட்டிருக்கும். நாள்பட நாள்படப் போமிக் அமிலமும் ஊறும். அமிலம் பச்சையை அணைக்கும், மெதனோல் சவ்வைக் கிழிக்கும். பராபோமல்டிஹைட் தூளிலிருந்து புதிதாகக் காய்ச்சுவது சிரமமான வேலையல்ல. புகை உறிஞ்சும் அலுமாரிக்குள், 80 மில்லிலீற்றர் காய்ச்சிவடித்த நீரை 60 பாகைக்குச் சூடாக்கி, 4 கிராம் தூளை இடுங்கள். நீர் பால்போலக் கலங்கி நிற்கும். ஒரு மோலர் சோடியம் ஐதரொட்சைட்டைத் துளி துளியாக விட்டுக் கலக்கினால் சில துளிகளில் சட்டென்று தெளியும். ஆறவிட்டு, பத்து மடங்கு பிபிஎஸ் 10 மில்லிலீற்றர் சேர்த்து, பீஎச் 7.4க்குக் கொண்டுவந்து, 100 ஆக்கி, வடிகட்டிச் சிறு குழாய்களில் மைனஸ் 20 இல் வையுங்கள். 70 பாகையைத் தாண்டவிட வேண்டாம். உருகிய குழாயை மறுபடி உறையவைக்க வேண்டாம். நீண்ட மின்வெட்டுக்குப் பின் பெட்டிக்குள் உருகி மறுபடி உறைந்த குழாய்கள் வெளித்தோற்றத்தில் மாறாமலே இருக்கும்; அதனால் ஒரு குழாயைத் தலைகீழாக உறையவைத்து நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். உறைந்த கட்டி கீழே இறங்கியிருந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் விடுங்கள்.

கலத்தின் மேல் ஊற்றும் நிலைப்படுத்தி 37 பாகையில் இருக்க வேண்டும். குளிர்ந்ததை ஊற்றினால் நுண்புன்குழாய் அது வேலைசெய்யுமுன்னரே உடைந்துவிடும். பதினைந்து நிமிடம் போதும். பிறகு 100 மில்லிமோலர் கிளைசீனில் பத்து நிமிடம், மிச்ச அல்டிஹைட்டை மூட. குளூட்டரல்டிஹைட் 0.1 வீதம் சேர்த்தால் அமைப்பு இன்னும் உறுதியாக நிற்கும், ஆனால் அதுவே ஒளிரும். ஒளிர்புரதத்தை நேரே பார்ப்பதானால் தேவையின்றிச் சேர்க்க வேண்டாம். சவ்வுப் புரதங்களில் மட்டும் விதிவிலக்கு: பராபோமல்டிஹைட் தனியாக அவற்றைச் சரியாகக் கட்டிவைப்பதில்லை. நிலைப்பட்டதாக நாம் நினைக்கும் கலத்தில் அவை நகர்ந்துகொண்டே இருக்கும். பின்னர் வரும் பிறபொருளெதிரி அவற்றைப் பிடித்துக் கூட்டமாக இழுக்கும். அங்கே குளூட்டரல்டிஹைட் வேண்டும்.

கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை. வில்லைகள் 0.17 மில்லிமீற்றர் கவர் சிலிப்புக்கென்றே செய்யப்பட்டவை, அது 1.5 இலக்கம். பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் கிடைப்பது பெரும்பாலும் 1 ஆம் இலக்கம், மெல்லியது. பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். ஒரு மோலர் பொட்டாசியம் ஐதரொட்சைட்டில் இருபது நிமிடம் அதிரவைத்துக் கழுவுங்கள். கழுவாத கண்ணாடியிலுள்ள தூசியும் சிமிட்டும்.

நாங்கள் மிகவும் வற்புறுத்த விரும்புவது விரிவுமுறை. 2015 இல் எட் பொய்டனின் குழு வெளியிட்டது. கருவியைப் பெரிதாக்காமல் கலத்தையே பெரிதாக்குகிறது. குழந்தைகளின் நப்பியில் ஈரம் உறிஞ்சும் பொருளின் இனத்தைச் சேர்ந்த ஜெல்லைக் கலத்துக்குள்ளேயே உருவாக்கி, புரதங்களை அதில் கோத்து, நீரில் ஊறவைத்தால் எல்லாப் பக்கமும் நாலரை மடங்கு விரியும். 300 நனோமீற்றர் தெளிவுள்ள சாதாரண ஒளிர்வு நுணுக்குக்காட்டி 70 நனோமீற்றர் அளவு தெளிவைத் தரும். 2016 இல் வந்த திருத்தத்தில் ஒளிர்புரதங்களையே நேரே கோக்கலாம் என்று காட்டினார்கள். பீப்பாய் இறுக்கமாக இருப்பதால் மற்றப் புரதங்களை வெட்டும் புரோட்டினேசு கே அதை வெட்டத் தடுமாறுகிறது; ஒளிர்வின் பெரும்பகுதி தப்புகிறது.

நிலைப்படுத்திய கலத்தை, புரதங்களை ஜெல்லோடு கோக்கும் அக்ரிலோயில்-எக்ஸில், மில்லிலீற்றருக்கு 0.1 மில்லிகிராம் அளவில், பிபிஎஸ்ஸில் இரவு முழுவதும் வையுங்கள். இது ஈரத்தில் கெடும் பொருள். நம் ஊர்க் காற்றில் உறைகுளிரிலிருந்து எடுத்த குழாயை உடனே திறந்தால் மூடியின் உட்புறம் வியர்த்துவிடும். அறைவெப்பத்துக்கு வந்த பின்னரே திறக்க வேண்டும். ஜெல் கரைசலில் 8.6 வீதச் சோடியம் அக்ரிலேற்று, 2.5 வீத அக்ரிலமைட், 0.15 வீத பிஸ்அக்ரிலமைட், 2 மோலர் உப்பு, பிபிஎஸ். சோடியம் அக்ரிலேற்று நீரில் நிறமின்றிக் கரைய வேண்டும். மஞ்சளாகவோ கசடாகவோ வந்தால் அந்தப் போத்தலால் பயனில்லை. 188 மைக்ரோலீற்றர் கரைசலுக்கு, தடுப்பானான 4-ஐதரொட்சி-டெம்போ 0.5 வீதத்தில் 4, இறுகலை விரைவாக்கும் டெமெட் 10 வீதத்தில் 4, கடைசியாக இறுகலைத் தொடக்கும் அமோனியம் பெர்சல்பேற்று 10 வீதத்தில் 4 மைக்ரோலீற்றர்.

எல்லாம் ஐஸில். குளிர்நாட்டுக் கைநூல் "அறைவெப்பம்" என்பது 20 பாகை. சித்திரை வைகாசியில் மட்டக்களப்பு அறை 32ஐத் தொடும். மேசையில் வைத்துக் கலக்கினால் பிப்பெற்றின் நுனியிலேயே ஜெல் நூல் நூலாக இழுபடும். அப்படி இழுபட்டதைக் கலத்தின் மேல் ஊற்றிப் பயனில்லை. அது கலத்துக்குள் ஊடுருவாமல் மேலேயே இறுகி, விரியும்போது கலத்தைக் கிழிக்கும். பெர்சல்பேற்று விட்டதும் சில நொடிகளுக்குள் ஊற்றி, ஐந்து நிமிடம் குளிரில் ஊறவிட்டு, பிறகு 37 பாகையில் ஒரு மணி நேரம். அக்ரிலமைட் இறுகுமுன் நரம்பைத் தாக்கும் நஞ்சு; கையுறை இன்றித் தொடக்கூடாது.

இறுகியதும், பெருவிரல் நகம் அளவான துண்டை, ஒரு மூலையை மட்டும் சரிவாக வெட்டி எடுங்கள். கலங்கள் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கின்றன. விரிந்த பிறகு எது மேல், எது கீழ் என்று சொல்ல அந்தச் சரிவு மூலைதான் துணை. பீஎச் 8 டிரிஸ், ஒரு மில்லிமோலர் ஈடிடிஏ, 0.5 வீத ட்ரைட்டன், ஒரு மோலர் உப்பு கொண்ட கரைசலில் மில்லிலீற்றருக்கு 8 அலகு புரோட்டினேசு கே இட்டு இரவு முழுவதும் வையுங்கள். அவசரப்பட்டு நிறுத்தினால் வெட்டுப்படாத பகுதிகள் விரியாமல் இழுத்துப் பிடிக்கும். கலத்தின் ஓரம் விரிசல் விட்டிருக்கும். பிறகு அயனகற்றிய நீரில் இருபது இருபது நிமிடமாக மூன்று நான்கு முறை மாற்றுங்கள். துண்டு கண்முன்னே அகன்று, கண்ணாடிபோலத் தெளிந்து, ஓரம் எங்கே என்று விரலால் தடவித்தான் தெரியும் நிலைக்கு வரும். நகம் அளவானது உள்ளங்கை அளவாகியிருக்கும்.

நீர் விடயத்தில் சமரசமே கூடாது. இந்த ஜெல்லை விரியவிடாமல் தடுப்பது உப்பு. பிபிஎஸ்ஸில் அது இரண்டு மடங்கு அளவில் நின்றுவிடும். வாவியோரத்திலும் கடலோரத்திலும் உவர்ப்பான கிணற்று நீரோ, குழாய் நீரோ கடைசிக் கழுவலில் சேர்ந்தால் ஒரே தட்டிலுள்ள இரண்டு துண்டுகள் இரண்டு அளவில் விரியும். அதே கலத்தை விரியுமுன்னும் விரிந்த பின்னும் படமெடுத்து, உண்மையில் எத்தனை மடங்கு என்று ஒவ்வொரு துண்டுக்கும் அளந்து எழுதாமல், படத்தின் அளவுகோலை நாலரையால் வகுப்பது பிழை.

ஒன்று கவனிக்க வேண்டும்: நாலரை மடங்கு நீளம் என்றால் கனவளவு 91 மடங்கு. அதே ஒளி 91 பங்காகப் பரவுகிறது. நேரே பார்த்தபோது பளிச்சென்றிருந்த கலம் இப்போது மங்கிவிடும். அதற்கு ஜெல் இடுமுன் ஜிஎப்பிக்கான பிறபொருளெதிரியால் சாயத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் அலெக்சா 647ஐயும் சை 5ஐயும் இங்கே பாவிக்கக்கூடாது. பெர்சல்பேற்று அவற்றை அழித்துவிடும். அலெக்சா 488, அட்டோ 647என் தாங்கும். ஜெல் நகராமலிருக்க பொலிலைசீன் பூசிய கண்ணாடியில், கலங்கள் உள்ள பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். ஜெல் முக்கால்வாசிக்கும் மேல் நீர் என்பதால் எண்ணெய் வில்லையைவிட நீர் வில்லை நல்லது.

எங்கள் கோரிக்கை இரண்டு. வந்தாறுமூலையிலும் சம்மாந்துறையிலும் கலவியல் செய்முறைப் பாடங்களை வகுப்போர், இறுதியாண்டில் ஒரு தவணையையாவது பிளாஸ்மிட் தெரிவு, வெஸ்டர்ன் பிளொட், நிலைப்படுத்தல், விரிவுமுறை என்ற வரிசையில் அமைக்க வேண்டும். பிளாஸ்மிட்டுகளை ஆட்ஜீன் போன்ற இலாபநோக்கற்ற சேமிப்பகத்திலிருந்து பெறலாம், மென்பொருள் இலவசம், இருக்கும் ஒளிர்வு நுணுக்குக்காட்டி போதும். ஒவ்வொரு மாணவரும் அடையாளமிடாத கலத்தையும், தனி ஜிஎப்பி மட்டும் இட்ட கலத்தையும் அதே நாளில், அதே ஒளியில் படமெடுத்து ஒப்படைக்க வேண்டும் என்று விதியுங்கள். இந்த இரண்டு படமும் இல்லாத மூன்றாவது படத்துக்குப் புள்ளி வழங்க வேண்டாம்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். அறிவியல் பக்கத்தில் கலத்தின் ஒளிர்படம் வெளியிடும்போது, அதன் கீழே எந்தப் புரதம், எந்த முனையில், எந்த அடையாளம், படத்தின் அளவுகோல் எத்தனை மைக்ரோமீற்றர் என்பதை ஒரு வரியில் சேருங்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் அந்த வரியைத்தான் வெட்டி ஒட்டி வைப்பார்கள்.

இங்ஙனம்,
கலவியல் ஆய்வுகூடப் பயிற்சியில் ஈடுபட்டுள்ளோர் சிலர்,
மட்டக்களப்பு, அம்பாறை.